வன்னியில் வெளிச்சுவருக்குக் கிளாடிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுவரின் வெளிமுகத்தைத் தகட்டாலோ பலகையாலோ மூடுவதைத்தான் கிளாடிங் என்கிறோம். வவுனியாவில் இருந்து பரந்தன் வரை ஏ9 வீதியோரம் புதிதாக எழும்பும் கடைகளில் பல, முகப்பில் பளபளவென்று தகடு அடித்துத்தான் திறக்கின்றன. இரண்டு மாரி கழிந்த பிறகு போய்ப் பார்த்தால் ஒரு மூலை எழும்பி நிற்கும், பொருத்துகளில் கறுப்புக் கோடு இறங்கியிருக்கும். இதில் தகட்டின் குற்றம் குறைவு. அதற்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் சட்டத்திலும் ஸ்குறூவிலும் தண்ணீர் வழியிலும்தான் முக்கால்வாசிப் பிழை. கிளிநொச்சி, மாங்குளம், முல்லைத்தீவுப் பக்கத்து வீட்டுக்காரரும் கடைக்காரரும் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு இது தேவையா?

பெரும்பாலான வீடுகளுக்குத் தேவையில்லை. சீமெந்துக் கல் வைத்துக் கட்டி, பூசி, பெயின்ற் அடித்து, தாழ்வாரமும் இரண்டு இரண்டரை அடி வெளியே நீண்டிருந்தால் அந்தச் சுவர் தன்பாட்டில் நிற்கும். வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீட்டின் முன்பக்கத்துக்குத் தகடு அடிக்க யாரும் விலை கேட்டால், அந்தக் காசில் கூரையை நீட்டி ஒரு விறாந்தை இறக்குங்கள் என்றுதான் சொல்வேன். மழையும் படாது, வெயிலும் படாது, பின்னேரம் இருந்து கதைக்க இடமும் கிடைக்கும்.

தாழ்வாரம் போட முடியாத மாடிக் கட்டடம், வாடைக்காற்றோடு மழை நேரே வந்து அடிக்கும் வடகிழக்குச் சுவர், பின்னேர வெயில் முழுக்க விழும் மேற்குச் சுவர், பெயர்ப்பலகையும் முகப்பும் ஒன்றாக வேண்டிய கடை என்றால் சரி, செய்யலாம்.

தகடு அடித்தால் உள்ளே சூடு குறையுமா?

மேற்குச் சுவரில் குறையும், காற்றுவழி விட்டால். வெயிலைத் தகடு வாங்கிக்கொள்ளும். தகட்டுக்கும் சுவருக்கும் நடுவில் சூடான காற்று மேலே ஏறி வெளியே போகும். சுவர் நிழலில் நிற்கும். கீழேயும் மேலேயும் வாய் திறந்திருந்தால்தான் இது நடக்கும். நான்கு பக்கமும் சிலிக்கன் வைத்து இறுக்கிவிட்டால் சூடு உள்ளேயே தங்கி, இரவு சுவர் வழியாக அறைக்குள் இறங்கும். கறுப்பு, கடும் சாம்பல் நிறத் தகடுகள் நேர் வெயிலில் 70 பாகை செல்சியசையும் தொடும். வெளிர் நிறம் எடுங்கள்.

தகரக் கூரையால் இறங்கும் சூட்டுக்குக் கிளாடிங் ஒன்றும் செய்யாது. அதற்கு சீலிங்கும் கூரைக்குக் கீழே காற்றோட்டமும்தான் வழி.

எந்தப் பலகை நல்லது?

கட்டடத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஏ.சீ.பி. என்று கடையில் கேட்பது இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் ஓர் உள்ளீடு வைத்து ஒட்டியது. வழக்கமான தடிப்பு 4 மில்லிமீற்றர், அளவு எட்டடிக்கு நாலடி. பாரம் குறைவு, பின்பக்கம் கீறி மடிக்கலாம், கடைமுகப்புக்குப் பொருந்தும்.

பைபர் சீமெந்துப் பலகை எரியாது, கறையான் தொடாது. வீட்டுச் சுவருக்கு என் தெரிவு இதுதான். பலவீனம் விளிம்பில் இருக்கிறது. வெட்டிய ஓரம் தண்ணீர் குடிக்கும், குடித்தால் வீங்கும், பெயின்ற் உரியும். ஆகவே முகத்துக்கு அடிக்கும் பெயின்றை நான்கு ஓரத்துக்கும் முதுகுக்கும் அடித்த பிறகே சுவரில் ஏற்ற வேண்டும். வேலைக்காரர் அவசரத்தில் விட்டுவிடுவது இதைத்தான். ஸ்குறூ போகும் துளையை ஸ்குறூவை விடச் சற்றுப் பெரிதாக முன்கூட்டியே போட வேண்டும். நேரே முறுக்கினால் மூலை வெடிக்கும். வெட்டும்போது எழும்பும் தூளில் சிலிக்கா இருக்கிறது. வெளியில் வைத்து, காற்றுக்கு முதுகு காட்டி, சரியான மாஸ்க் போட்டு வெட்டுங்கள். முகத்தில் துவாய் சுற்றுவது போதாது.

நெல் ஆலை, களஞ்சியம், கராஜ் போன்றவற்றுக்குச் சிங்க்கும் (நாகம்) அலுமினியமும் கலந்த பூச்சுள்ள நெளி இரும்புத் தகடு போதும். அழகு கொஞ்சம் குறைவு, உழைப்பு நல்லது. பி.வி.சி. பலகையின் மலிவான வகை எங்கள் வெயிலில் மஞ்சளாகி, பிறகு முறுகி உடையும். அதை விறாந்தைச் சீலிங்கோடு நிறுத்துங்கள். கருங்கல் பட்டைகளை வெறும் சீமெந்தில் ஒட்டி மாடி வரை ஏற்றுவது ஆபத்து. ஒரு நாள் கழன்றால் கீழே நிற்பவர் தலையில்தான் விழும். இடுப்பளவு உயரம் என்றால் பரவாயில்லை.

ஏ.சீ.பி. வாங்கும்போது தரத்தை எப்படிப் பார்ப்பது?

ஒரு தராசும் தடிப்பு அளக்கும் ஒரு வேர்னியரும் இருந்தால் பாதி உண்மை வெளியே வரும். அரை மில்லிமீற்றர் அலுமினியம் இருபக்கமும் உள்ள 4 மில்லிமீற்றர் தகட்டில் உள்ளீடு வெறும் பொலித்தீன் என்றால் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 5.5 கிலோ வரும். தீயைத் தாக்குப்பிடிக்கும் கனிமம் கலந்த உள்ளீடு என்றால் 7.6 கிலோ அளவில் வரும். எட்டடி நாலடித் தகடு ஒன்றைத் தூக்கி வைத்தால் முதலாவது 16 கிலோ சொச்சம், இரண்டாவது 22 கிலோவுக்கு மேல். கடைக்காரர் “இது பயர் வகை” என்று சொல்லி 16 கிலோத் தகட்டைத் தந்தால் கதை முடிந்தது. அதைவிடவும் பாரம் குறைந்தால் அலுமினியத்தின் தடிப்பில் கைவைத்திருக்கிறார்கள்.

பூச்சைக் கேளுங்கள். பி.வி.டி.எஃப். (வெயிலில் லேசில் மங்காத பிளாஸ்டிக் வகை) பூச்சு வெளிச்சுவருக்கு. பொலியெஸ்டர் பூச்சு உள்வேலைக்கும் நாலைந்து வருடத்தில் மாற்றப்போகும் பெயர்ப்பலகைக்கும். இரண்டும் கடையில் ஒரே மாதிரித்தான் மின்னும். பழைய முகப்பொன்றில் விரலால் தேய்த்து மாவு போல ஒட்டினால் பூச்சு செத்துவிட்டது என்று அர்த்தம்.

மேலே ஒட்டியிருக்கும் பொலித்தீன் தாளில் அம்புக்குறி இருக்கும். எல்லாத் தகட்டிலும் அது ஒரே திசையைப் பார்க்க வேண்டும். வெள்ளி, தங்க நிறங்களில் ஒன்றைத் தலைகீழாகப் பூட்டினால் வெயில் சாயும்போது அந்தத் தகடு மட்டும் வேறு நிறமாகத் தெரியும். பிறகு கழற்றாமல் திருத்த முடியாது. அந்தத் தாளை வேலை முடிந்த கையோடு உரித்துவிடுங்கள். “திறப்பு விழாவுக்கு உரிப்பம்” என்று மாசி மாதத்தில் இருந்து ஆனி வரை விட்டால் வெயிலில் பசை இறுகி, துண்டு துண்டாகத்தான் வரும்.

தீப்பிடிக்குமா? எங்கள் கட்டடம் இரண்டு மாடிதானே?

2017 ஜூன் 14 இல் லண்டனில் கிரென்பெல் அடுக்குமாடி எரிந்து 72 பேர் இறந்தார்கள். வெளிச்சுவரில் இருந்தது பொலித்தீன் உள்ளீடுள்ள அலுமினியத் தகடு. தீ அதன் வழியாகத்தான் மேலே ஓடியது. உள்ளீடு உருகிச் சொட்டும்போது கீழேயும் தீ பரவும். பின்னால் உள்ள இடைவெளி புகைபோக்கி போல இழுக்கும்.

இரண்டு மாடிக்கு அவ்வளவு பயம் இல்லை என்றாலும் எங்கள் கடைவீதியை யோசித்துப் பாருங்கள். கீழே தேத்தண்ணிக்கடையில் காஸ் சிலிண்டர், பக்கத்தில் வெல்டிங், மேலே ஆட்கள் குடியிருப்பு, சுவரோடு சுவர் ஒட்டிய கடைகள். 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிச் சந்தையில் கடைகள் எரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஆட்கள் உறங்கும் மாடி, பாடசாலை, ஆஸ்பத்திரி, சமையல் நடக்கும் இடம் என்றால் பொலித்தீன் உள்ளீட்டை வேண்டாம் என்றே சொல்லுங்கள். சட்டத்துக்கு வெல்டிங் வேலை எல்லாம் தகடு ஏறுவதற்கு முன் முடிந்திருக்க வேண்டும். மாடிக்கு மாடி இடைவெளியைத் தீ தாண்டாதபடி தடுக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று பொறியியலாளரிடம் வரைந்து வாங்குங்கள்.

என் சுவர் இந்தப் பாரத்தைத் தாங்குமா?

தகட்டின் பாரம் பெரிதில்லை. காற்று அதைப் பிடித்து வெளியே இழுப்பதைத்தான் சுவர் தாங்க வேண்டும். எங்கள் பக்கத்து சீமெந்துக் கல்லில் பல உள்ளே வெறுமையானவை, சிலது வளவிலேயே அரிந்தவை, சீமெந்து குறைந்தவை. துளை போடும்போது பிட் ஓர் அங்குலம் இறுகிப் போய்த் திடீரென்று ‘டொக்’ என்று உள்ளே விழுந்தால் அந்த இடத்தில் சாதாரண றோல் பிளக் (ஸ்குறூ பிடிக்கத் துளைக்குள் அடிக்கும் பிளாஸ்டிக் குழல்) நிற்காது. கொங்கிறீற் தூண், லிண்டல், பீம் எங்கே ஓடுகிறது என்று முதலில் சோக்கால் கோடு போட்டு, சட்டத்தின் பிடியை அவற்றில் கொடுங்கள். இடையில் கல்லில்தான் பிடிக்க வேண்டும் என்றால் கல்லுக்குள் உள்ள வெறுமையைக் கொங்கிறீற்றால் நிரப்பிய பிறகு பிடியுங்கள்.

இன்னொன்று. யுத்தத்தில் அடிபட்ட பழைய கட்டடங்கள் இன்னும் நிறைய நிற்கின்றன. செல் பட்ட தூண், சன்னம் பாய்ந்த சுவர் எல்லாவற்றையும் தகட்டால் மூடிவிட்டால் பார்க்க வடிவாக இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். கொங்கிறீற் வெடித்துக் கம்பி தெரிந்த தூணுக்குள் கறள் ஊறிக்கொண்டே இருக்கும். கறள் பிடித்த கம்பி பருத்து மிச்சக் கொங்கிறீற்றையும் தள்ளும். மூடினால் அது யாருக்கும் தெரியாமல் நடக்கும். முதலில் தளர்ந்ததைக் கொத்தி எடுத்து, கம்பியைத் துப்புரவாக்கி, திருத்தி, பொறியியலாளர் ஒருவர் பார்த்த பிறகே மேல்வேலை.

சோழகத்துக்கும் (தென்மேற்குக் காற்று) புயலுக்கும் கழன்று போகாமல் எப்படிப் பூட்டுவது?

1978 நவம்பரில் மட்டக்களப்பை அடித்த சூறாவளிக்குப் பிறகு இலங்கையைக் கட்டட வேலைக்காக மூன்று காற்று வலயங்களாகப் பிரித்தார்கள். சாதாரணக் கட்டடத்துக்கு முதலாம் வலயத்தில் செக்கனுக்கு 49 மீற்றர், இரண்டாம் வலயத்தில் 43, மூன்றாம் வலயத்தில் 33 என்று கணக்கு. கிழக்குக் கரையோரம் கடுமையான முதலாம் வலயம். உங்கள் காணி எதில் விழுகிறது என்று வரைபடம் கீறுபவரிடம் கேளுங்கள். 33 மீற்றர் வேகக் காற்று சதுர மீற்றரில் ஏறத்தாழ 67 கிலோப் பாரத்தால் அழுத்தும்; எட்டடி நாலடித் தகடு ஒன்றில் அது 200 கிலோ. 49 மீற்றர் என்றால் அதே தகட்டில் 440 கிலோ. கட்டடத்தின் மூலைகளிலும் கூரையோரத்திலும் காற்று உறிஞ்சி இழுக்கும். அங்கே இன்னும் கூடும். தகடு முதலில் பறப்பது எப்போதும் மூலையில் இருந்துதான். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரை ஏறியதைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் கணக்கு இல்லை.

இவ்வளவு இழுவைக்கு இரட்டைப் பக்க ரேப்பும் நாலு ஓரத்தில் நாலு ரிவெற்றும் போதாது. நிலைக்குத்துச் சட்டங்கள் இரண்டடிக்கு ஒன்று, தகட்டின் மடிப்பில் பிடிக்கும் கிளிப்புகள் அடிக்கு ஒன்று என்பது குறைந்தபட்சம். மூலையில் நெருக்கிப் போடுங்கள். ரேப் வேலை நேரத்தில் தகட்டைப் பிடித்துவைக்க மட்டும். அது வெயிலில் இளகும்.

ஓட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்தில் “யானை வந்தால்?” என்று பகிடியாகக் கேட்பார்கள். அதற்குக் கிளிப் கிடையாது.

பின்னால் இடைவெளி எதற்கு? அப்படியே சுவரில் ஒட்டினால் செலவு குறையுமே?

செலவு குறையும், ஆயுளும் குறையும். எந்தப் பொருத்தும் ஒரு நாள் தண்ணீர் விடும். உள்ளே போன தண்ணீர் வெளியே வரவும், ஈரம் காயவும் வழி வேண்டும். ஓர் அங்குலத்துக்குக் குறையாத இடைவெளி விடுங்கள், இரண்டு அங்குலம் நல்லது. கிடைச் சட்டம் அந்த வழியை முழுக்க அடைக்கக்கூடாது. இடையிடையே வெட்டி விடுங்கள். யன்னலுக்கு மேலே ஒரு தகட்டை மடித்து, தண்ணீர் முன்னுக்கு வடியச் சாய்த்து வையுங்கள். யன்னல் தலையில் இந்த மடிப்பு இல்லாத முகப்புகளில்தான் உள்ளே பூச்சு ஊதி விழுகிறது.

ஏ9 ஓரத்தில் ஒரு கடையில் அப்படி ஒட்டிய தகடு ஒன்றைக் கழற்றியதைப் பார்த்தேன். ரேப்பின் மேல் விளிம்பில் தண்ணீர் தேங்கி, சுவர்ப்பூச்சு ஈர மண் போல விரலோடு வந்தது. பொக்ஸ் பார் (சதுர இரும்புக் குழாய்) சட்டத்தின் அடிமுனை கறளில் தின்னப்பட்டு, கடதாசி போல மெலிந்து, ஸ்குறூ தலை மட்டும் தகட்டில் தொங்கியது. முன்பக்கம் அப்போதும் பளபளவென்றுதான் இருந்தது.

அடிப்பக்கத்தில் தகடு நிலத்தில் முட்டவே கூடாது. அரை அடியாவது தூக்குங்கள். இல்லாவிட்டால் மழை கிரவல் நிலத்தில் தெறித்து அடியில் நிரந்தரச் சிவப்புப் பட்டை ஒன்று விழும்.

மத்தியானத்தில் தகடு அலை அலையாகத் தெரிகிறது, இரவில் ‘டிக் டிக்’ என்கிறது. ஏன்?

அலுமினியம் சூட்டில் நீளும். 2.4 மீற்றர்த் தகடு விடியக்காலைக்கும் மத்தியானத்துக்கும் இடையில் 50 பாகை ஏறினால் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் நீளும். நீள இடம் இல்லாவிட்டால் முன்னுக்கு வயிறு தள்ளும். இரவு குளிரும்போது இழுபட்டு சத்தம் போடும். ஒரு துளை இறுக்கமாகவும் மற்றவை நீள்வட்டமாகவும் இருக்க வேண்டும். தகட்டுக்குத் தகடு 10 தொடக்கம் 15 மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள்.

மடிக்கும் மூலைகளையும் பாருங்கள். பின்பக்கம் கீறும்போது முகத்தகட்டின் மேல் உள்ளீடு 0.3 மில்லிமீற்றராவது மிஞ்ச வேண்டும். கிரைண்டரால் கண்மதிப்பில் கீறினால் சில இடத்தில் அலுமினியமே வெட்டுப்படும். மடித்த மூலையில் மயிரளவு வெள்ளைக் கோடு தெரிந்தால் அந்தத் துண்டை ஏற்ற விடாதீர்கள்.

பொருத்துகளுக்குக் கீழே கறுப்பு வடிகிறது. எந்தச் சிலிக்கன் பாவிக்க வேண்டும்?

வினாகிரி மணம் வரும் மலிவுச் சிலிக்கன் மீன்தொட்டிக் கண்ணாடிக்கு. அது உலோகத்தை அரிக்கும், சீமெந்தில் பிடிக்காது. வெளிவேலைக்கு ‘நியூற்றல்’ என்று எழுதியதை வாங்குங்கள். பொருத்துக்குள் முதலில் நுரைக் கயிறு வைத்து, அதற்கு மேல் அகலத்தின் பாதி ஆழத்துக்குச் சிலிக்கன் இடுங்கள். சிலிக்கன் இரண்டு பக்கமும் மட்டும் ஒட்ட வேண்டும். அடியிலும் ஒட்டினால் தகடு அசையும்போது கிழியும். சோழகத் தூசி படிந்த விளிம்பைத் துடைக்காமல் இட்டால் எந்தச் சிலிக்கனும் தோல் போல உரிந்து வரும்.

கறுப்பு வடிவது பெரும்பாலும் சிலிக்கனில் ஒட்டிய தூசி மழையில் இறங்குவது. சுவரின் உச்சியை மூடும் தகட்டை உள்பக்கம் சாய்த்து, தண்ணீர் கூரைப்பக்கம் போகச் செய்தால் பெருமளவு நிற்கும்.

முல்லைத்தீவில் கடலுக்குப் பக்கத்தில். என்ன மாற வேண்டும்?

இரும்புப் பொக்ஸ் பார் சட்டத்தை மறந்துவிடுங்கள். அலுமினியச் சட்டமும் 316 தர ஸ்ரெயின்லெஸ் ஸ்குறூவும் வேண்டும். 304 தரம் கடலோரத்தில் தேத்தண்ணிக் கறை போலப் பழுப்பு விடும். அலுமினியத் தகட்டில் சாதாரண இரும்பு ஸ்குறூ அடித்தால், உப்பு ஈரத்தில் ஸ்குறூவைச் சுற்றி அலுமினியம் அரிபடும். இடையில் றப்பர் அல்லது நைலோன் வாசர் வையுங்கள். மழை நேரே படாத தாழ்வாரத்தின் கீழ்ப்பகுதியில்தான் உப்பு கழுவப்படாமல் தங்கும். அந்த இடத்தை நீங்கள்தான் கழுவ வேண்டும்.

குளவி, அணில், வௌவால்?

இடைவெளியின் மேல் வாயையும் கீழ் வாயையும் ஸ்ரெயின்லெஸ் அல்லது அலுமினிய வலையால் மூடுங்கள். பிளாஸ்டிக் வலையை அணில் ஒரே நாளில் கடிக்கும். மரச் சட்டம் வேண்டாம், கறையானுக்கு விருந்து.

மழைநேரம் தகட்டைத் தொட்டால் கரண்ட் அடிக்கிறது.

உடனே மெயினை நிறுத்துங்கள். பெயர்ப்பலகை லைற் வயர் தகட்டின் கூரான ஓரத்தில் உரஞ்சி வெட்டுப்பட்டிருக்கும். வயர் குழாய்க்குள் போக வேண்டும், உலோக முகப்புக்கு எர்த் கொடுக்க வேண்டும், ட்ரிப் சுவிட்ச் வேலை செய்ய வேண்டும். எலக்ற்றீசியன் பார்க்கும் வரை யாரையும் அதில் சாய விடாதீர்கள்.

பழைய அஸ்பெஸ்ரஸ் சீற்றைச் சுவருக்கு அடிக்கலாமா?

வேண்டாம். வெட்டும்போதும் துளை போடும்போதும் வரும் நார் சுவாசப்பையில் தங்கிப் பல வருடம் கழித்து நோயாக வரும். இருப்பது கூரையில் இருக்கட்டும். கழற்ற வேண்டி வந்தால் நனைத்து, உடைக்காமல் இறக்குங்கள்.

எந்த மாதம் வேலை தொடங்கலாம்?

மாரி முடிந்து சுவர் காய்ந்த பிறகு, மாசி தொடக்கம் சித்திரை வரை. வைகாசியில் சோழகம் தொடங்கினால் சாரத்தில் நின்று எட்டடித் தகட்டைப் பிடிப்பது ஆளையே தூக்கும் வேலை. புதிதாகப் பூசிய சுவரை நான்கு கிழமை காயவிடுங்கள். சிலிக்கனைக் காலையில் இடுங்கள்.

எதால் கழுவுவது?

மெல்லிய துணி, கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு, தண்ணீர். தின்னர், உடுப்புச் சவர்க்காரத் தூள், கம்பித்தும்பு கூடாது. கிணற்றுத் தண்ணீர் கடினமான இடங்களில் வெயில் ஏறமுன் கழுவி உடனே துடையுங்கள், காயவிட்டால் வெள்ளைப் புள்ளி தங்கும். சோழகம் ஓய்ந்ததும் ஒரு தரம், மாரி முடிந்ததும் ஒரு தரம் போதும்.

விலை கேட்கும்போது என்ன எழுதி வாங்க வேண்டும்?

சதுர அடிக்கு இவ்வளவு என்ற ஒற்றை விலையை ஏற்காதீர்கள். தகட்டின் தடிப்பு, அலுமினியத்தின் தடிப்பு, உள்ளீடு, பூச்சு, சட்டம் எந்த உலோகம், ஸ்குறூவின் தரம், சாரக் கூலி, யன்னல் மடிப்புகள் உள்ளடக்கமா என்று தனித்தனியாக எழுதட்டும். இரண்டு பேரின் விலை வித்தியாசப்படுவது வழக்கமாகச் சட்டத்திலும் ஸ்குறூவிலும்தான். சட்டம் ஏறியதும், தகடு மூட முன், நீங்களே போய் ஒவ்வொரு பிடியையும் கையால் இழுத்துப் பார்த்துப் படம் எடுங்கள். கடைசித் தவணைக் காசை ஒரு பெருமழை பார்த்த பிறகு கொடுப்பதாகப் பேசுங்கள். நல்ல வேலைக்காரர் இதற்குக் கோபிக்க மாட்டார். முகப்பை மாற்றுவதற்குப் பிரதேச சபையின் அனுமதி வேண்டுமா என்பதையும் வீதியோரக் கடைக்காரர் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு தகடு மட்டும் லொறி பட்டு நெளிந்துவிட்டது. தனியாக மாற்றலாமா?

தனித்தனியாகக் கழற்றும் முறையில் பூட்டியிருந்தால் அரை நாள் வேலை. நிறம் பொருந்துவதுதான் கரைச்சல். ஒரே பெயர், ஒரே இலக்கம் என்றாலும் வேறு தொகுதியில் வந்த தகடு சற்று வேறுபடும். தொடக்கத்திலேயே இரண்டு தகடு கூடுதலாக வாங்கி, கடதாசி இடையில் வைத்து, நிழலான இடத்தில் தட்டையாகப் போட்டு வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும்.